மறதியா? திருட்டா?

கடைக்குப் போகிறார் ஒருவர். சாமான் வாங்குகிறார். பையில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேருகிறார். பையைப் பிரித்து அடுக்கும்போதுதான் நினைவு வருகிறது. ஐயோ! பணம் கொடுக்கவில்லை!

இந்த நிலைமை யாருக்கும் வரலாம். படித்தவருக்கும் வரும், படிக்காதவருக்கும் வரும். கையில் ஆயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கும் வரும். பத்து ரூபாய் வைத்திருப்பவருக்கும் வரும்.

அப்போது அவர் என்ன செய்யவேண்டும்? உடனே ஓடவேண்டுமா? நாளைக்குப் போனால் போதுமா? "சின்னத் தொகைதானே, போகட்டும்" என்று விட்டுவிடலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. அவர் திருடரா?

"பணம் கொடுக்காமல் எடுத்து வந்தால் திருட்டுத்தான்" என்பார்கள் சிலர். "கடைக்காரர் கவனிக்கவில்லை. அது அவர் தப்பு" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் சரியல்ல. மறந்தவர் திருடர் அல்ல. ஆனால் நினைவு வந்த நிமிடத்தில் அவர் கடன்காரர் ஆகிவிடுகிறார். அதற்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லவேண்டும்.

எப்படி மறக்கிறது?

பழைய மளிகைக் கடையில் இந்த மறதிக்கு இடம் குறைவு. வாங்குபவர் ஒரு பக்கம், சாமான்கள் ஒரு பக்கம், நடுவில் கடைக்காரர். "அரைக் கிலோ துவரம் பருப்பு, நூறு கிராம் மிளகு" என்று கேட்டால், அவரே நிறுப்பார். அவரே பொட்டலம் கட்டுவார். துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடுவார். ஒரு கை பணத்தை வாங்கும். மறு கை பொட்டலத்தை நீட்டும். கடன் என்றால் நோட்டில் எழுதிக்கொள்வார்.

1916-ஆம் ஆண்டில் இந்த முறை மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் மெம்பிஸ் என்ற நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்ற வியாபாரி ஒரு புது மாதிரிக் கடையைத் திறந்தார். அதற்குப் பெயர் 'பிக்லி விக்லி'. வருகிறவர்கள் தாங்களே உள்ளே போய், வேண்டியதை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, வெளியே போகும்போது பணம் கொடுக்கவேண்டும். அந்த முறை உலகம் எங்கும் பரவியது. இன்று தமிழ்நாட்டின் சிறிய ஊர்களில்கூட சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது.

1974-ஆம் ஆண்டில் இன்னொரு மாறுதல் வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் மேல் அச்சடித்த கோடுகளை இயந்திரம் படித்து விலை போட்டது. இப்போது எல்லாப் பெரிய கடைகளிலும் இந்த இயந்திரம் 'பீப்' என்று சத்தமிடுகிறது. அது கெட்டிக்கார இயந்திரம்தான். ஆனால் காட்டியதை மட்டுமே படிக்கும். தள்ளுவண்டியின் அடித்தட்டில் கிடக்கும் அரிசிப் பையை அது பார்க்காது. இடுப்பில் இருக்கும் குழந்தை கையில் பிடித்திருக்கும் மிட்டாயையும் பார்க்காது.

ஓட்டல் சமாசாரம் வேறு. அங்கே முதலில் சாப்பாடு; பிறகு பணம். சாப்பிட்டு, கை கழுவி, வாசலுக்குப் போகும் வழியில் கல்லாவில் சீட்டைக் கொடுக்கவேண்டும். இரண்டு நண்பர்கள் சாப்பிடுகிறார்கள். "அவன் கொடுத்திருப்பான்" என்று இவன் நினைக்கிறான். "இவன் கொடுத்திருப்பான்" என்று அவன் நினைக்கிறான். பேசிக்கொண்டே இருவரும் பஸ் ஏறிவிடுகிறார்கள்!

இப்போது செல்போன் மறதியும் சேர்ந்துகொண்டது. 2016-ஆம் ஆண்டில் இந்தியாவில் யு.பி.ஐ. முறை வந்தது. பெட்டிக்கடையிலும் பூக்காரியின் கூடையிலும் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. செல்போனைக் காட்டி, எண்ணைத் தட்டிவிட்டு நடக்கிறோம். சில சமயம் பணம் போய்ச் சேருவதில்லை. சில சமயம் வங்கிக் கணக்கிலிருந்து கழிந்து, கடைக்குப் போகாமல், பிறகு திரும்பி வந்துவிடுகிறது. கூட்ட நேரத்தில் கடைக்காரர் கவனிப்பதில்லை. வாங்கியவரும் கவனிப்பதில்லை. இரவு படுக்கப் போகும்போது செல்போனைப் பார்த்தால், "பணம் செலுத்தப்படவில்லை" என்று செய்தி இருக்கிறது.

இவ்வளவிலும் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. கை வேலை செய்தது; மனம் வேறு எங்கோ இருந்தது. அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1860-ஆம் ஆண்டில் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல், அதன் இடத்தில் 'பாரதிய நியாய சன்ஹிதா' என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது. இரண்டிலும் திருட்டுக்கு ஒரே இலக்கணம்தான். பொருளுக்கு உரியவரின் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் அது திருட்டு. எண்ணம் இல்லாவிட்டால் திருட்டு இல்லை.

"அப்படியானால் சரி, இனிக் கவலை இல்லை" என்று யாரும் காலை நீட்டிக்கொள்ள வேண்டாம். சட்டம் அதோடு நிற்கவில்லை.

புதிய சட்டத்தின் 314-வது பிரிவு, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைப் பற்றியது. பழைய சட்டத்தில் அது 403-வது பிரிவு. அதற்கு ஓர் உதாரணமும் சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவர் இன்னொருவருடைய பொருளைத் தன்னுடையது என்று உண்மையாகவே நம்பி எடுத்துவிடுகிறார். அது திருட்டு அல்ல. ஆனால் பிறகு தவறு தெரிந்தும், நேர்மையின்றி அதைத் தானே வைத்துக்கொண்டால், அது குற்றம். இந்தக் குற்றத்துக்குப் புதிய சட்டத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு, அபராதமும் உண்டு.

பாருங்கள்! எடுத்த நேரத்தில் குற்றம் இல்லை. தெரிந்த பிறகு மூடி மறைத்த நேரத்தில் குற்றம் வந்துவிட்டது. பொருள் ஒன்றுதான். மாறியது மனம்.

கடைக்காரரே நிறுத்துக் கையில் கொடுத்த சாமான், சாப்பிட்டு முடித்த சாப்பாடு இவற்றுக்குப் பணம் கொடுக்க மறந்தால் அது கடன். கடன் என்றால் தீர்க்கவேண்டும். கடைக்காரர் வந்து கேட்கவில்லை என்பதால் கடன் கரைந்து போகாது.

மீதிச் சில்லறை அதிகமாக வந்தாலும் இதே நியாயம்தான். நூறு ரூபாய் கொடுத்தவருக்கு, ஐநூறு கொடுத்ததாக நினைத்துக் கடைக்காரர் மீதி கொடுத்துவிடுகிறார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-வது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: தவறுதலாக வந்த பணத்தை, வாங்கியவர் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். "லட்சுமி வந்தாள்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டால், அது வேறொருவர் வீட்டு லட்சுமி!

மனம் சொல்லும் சமாதானங்கள்

சட்டம் இருக்கட்டும். சட்டத்தைக் காட்டி மிரட்டி யாரையும் நேர்மையானவர் ஆக்கமுடியாது. பத்து ரூபாய்ப் பிஸ்கட்டுக்காகப் போலீஸ் வீட்டுக்கு வரப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஆகவேதான் மனம் சமாதானம் தேடுகிறது. அந்தச் சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பெரிய கடை. கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறார்கள். இந்த இருபது ரூபாயால் என்ன குறைந்துவிடும்?" என்பது முதல் சமாதானம். கடை பெரியதுதான். ஆனால் கல்லாவில் இருப்பவர் பெரிய மனிதர் அல்ல. மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஓர் இளைஞர். அல்லது ஒரு பெண். பில் போட்டபின் பணம் வாங்க விட்டுப்போனால், அல்லது மீதி அதிகமாகக் கொடுத்துவிட்டால், இரவு கணக்கு முடிக்கும்போது கல்லாவில் துண்டு விழும். அந்தத் துண்டை அவர் தன் சம்பளத்திலிருந்து கட்டும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஊழியரின் கவனக் குறைவால் வந்த பண நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்க இடம் கொடுத்தது. அவர் சொல்வதைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது என்றும், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் கட்டுப்பாடு வைத்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஆகவே, "முதலாளிக்குத்தானே நஷ்டம்" என்று நினைத்து ஒருவர் வைத்துக்கொண்ட பணம், ஓர் ஏழைப் பெண்ணின் சம்பளமாக இருக்கலாம்.

"சின்னத் தொகைதானே" என்பது இரண்டாவது சமாதானம். சின்னக் கடைக்காரரின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். பத்து ரூபாய்ப் பொருள் ஒன்றை விற்றால் ஒரு ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். பணம் கொடுக்காமல் ஒரு பொருள் போய்விட்டால் அவருக்கு முதலில் 9 ரூபாய் போய்விடுகிறது. அந்த 9 ரூபாயை மீண்டும் எடுக்க, அதே பொருளில் இன்னும் ஒன்பது விற்கவேண்டும். அந்த ஒன்பதிலும் அவருக்கு லாபம் இல்லை. ஒருவர் மறந்ததை ஈடுகட்ட ஒன்பது பேர் வந்து வாங்கவேண்டியிருக்கிறது! வாங்கியவருக்குப் பத்து ரூபாய். விற்றவருக்கு அரை நாள் உழைப்பாகவும் இருக்கலாம்.

"கடைக்காரர்கள் மட்டும் யோக்கியமா? எடை குறைக்கிறார்கள், விலை கூட்டுகிறார்கள். இது அதற்கு ஈடு" என்பது மூன்றாவது சமாதானம். ஏமாற்றும் கடைக்காரர் இல்லாமல் இல்லை. அவரைத் தண்டிக்க வழி இருக்கிறது. எடை குறைந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். அதைச் செய்யாமல், மறதியாய் வந்த பொருளை அமுக்கிக்கொண்டு, "கணக்குச் சரியாகிவிட்டது" என்று சொன்னால் அது நியாயம் தேடுவது ஆகாது. ஏமாற்றினது ஒரு கடையாக இருக்கும். ஈடு கட்டுவது இன்னொரு கடையாக இருக்கும்!

"அவர்தானே கேட்டு வாங்கியிருக்கவேண்டும்?" என்பது நான்காவது. வாங்கியவர் மறந்தது போலவே விற்றவரும் மறந்தார். ஒருவர் மறதியை மன்னிக்கவேண்டும் என்றால், மற்றவர் மறதியையும் மன்னிக்கவேண்டும். தன் மறதிக்கு மன்னிப்பு, பிறர் மறதிக்கு அபராதம் என்பது என்ன நீதி?

"பணத்தைக் கோவில் உண்டியலில் போட்டுவிடுகிறேன். புண்ணியமாகப் போகட்டும்" என்பவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் அண்ணாச்சிக்குக் கொடுக்கவேண்டிய கடன் உண்டியலில் போட்டால் தீராது. யாரிடம் வாங்கினோமோ அவரிடம் கொடுத்தால்தான் தீரும். கடையே இல்லாமல் போய், கடைக்காரரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போனால்தான் தர்மத்தின் பேச்சு வரவேண்டும்.

உண்மையான பயம்

இவை எல்லாம் மனம் கட்டும் சமாதானங்கள். ஆனால் இன்னும் ஒன்று உண்டு. அது சமாதானம் அல்ல, பயம்.

"திரும்பிப் போனால் திருடி என்று சொல்லிவிடுவார்களே!"

இந்தப் பயத்தை லேசாக எண்ணக் கூடாது. பட்டுச் சேலை கட்டியவர் திரும்பிப் போய், "ஐயோ, மறந்துவிட்டேன்" என்றால் கடையில் சிரிப்பார்கள். நாற்காலி போடுவார்கள். அதே வார்த்தையை வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் சொன்னால்? சித்தாள் வேலைக்குப் போகும் ஒருவர் சொன்னால்? பள்ளிக்கூடத்துப் பையன் சொன்னால்? "பையைக் காட்டு. வேறு என்ன எடுத்தாய்?" என்று கேட்கும் கடைகள் இருக்கின்றன. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அவமானத்தை நினைத்தே, கொடுக்க மனம் இருந்தும் கொடுக்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

ஆகவே இந்த விஷயத்தில் கடைக்காரருக்கும் ஒரு கடமை இருக்கிறது. திரும்பி வந்தவர் திருடர் அல்ல. திருடர் திரும்பி வருவதில்லை. கொடுக்காமல் இருந்தால் யாருக்குமே தெரியாது என்ற நிலையில், வேலையை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார் என்றால், அவரைவிட நம்பிக்கையான வாடிக்கைக்காரர் அந்தக் கடைக்கு வேறு யார்?

"அண்ணாச்சி, நேற்று எண்ணெய்க்குப் பணம் கொடுக்காமல் போய்விட்டேன்."

"அதனாலென்ன, தாயி! நானும் பார்க்கவில்லை. நினைவாய்க் கொண்டுவந்தீர்களே!"

இந்த இரண்டு வரியில் கடைக்காரருக்குச் செலவு ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் மறுபடி மறந்தாலும் மறுபடி வருவார். அவர் பிள்ளைகளும் வருவார்கள். அப்படிச் சொல்லாமல் முகத்தைச் சுளித்தால், அடுத்த முறை நினைவு வந்தாலும் கால் வராது.

வாசலில் மடக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். பையில் பில்லில் ஏறாத பொருள் ஒன்று இருந்தால், "அம்மா, இது கணக்கில் வரவில்லை போலிருக்கிறது" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும். மறந்தவர் உடனே கொடுத்துவிடுவார். எடுத்த எடுப்பில் "திருட்டு" என்று கத்தினால், அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. பணம் போனால் நாளைக்குச் சம்பாதிக்கலாம். ஊர் நடுவில் போன மானத்தை எந்தக் கடையில் வாங்குவது?

உண்மையிலேயே சின்னத் திருட்டாக இருந்தாலும், புதிய சட்டம் ஒரு கருணை காட்டியிருக்கிறது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவையாகத் தண்டனை பெறுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை செய்யவேண்டும் என்று 303-வது பிரிவு சொல்கிறது. திருடியவருக்கே சட்டம் இவ்வளவு வழி விடும்போது, மறந்தவர்மேல் பாய்வது முறையா?

கடைக்காரர் மறந்தால்?

நேர்மை ஒருவழிப் பாதை அல்ல. கடைக்காரர் கூடுதலாக வாங்கிவிட்டாலும் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஆபிரகாம் லிங்கன் இளம் வயதில் நியூ சேலம் என்ற ஊரில் கடைச் சிப்பந்தியாக வேலை பார்த்தவர். ஒரு பெண்மணியிடம் தவறுதலாகச் சில காசுகள் கூடுதலாக வாங்கிவிட்டதை இரவில் கண்டுபிடித்து, கடையைச் சாத்திவிட்டு நெடுந்தூரம் நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு கதை அவரைப்பற்றி வழங்குகிறது. சில காசுகளுக்காக நடந்த அந்த மனிதரைப்பற்றி உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவுக்குப் போவானேன்? காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப்பற்றிச் சங்க நூலான பட்டினப்பாலை பேசுகிறது. வாங்கும்போது அதிகம் வாங்கமாட்டார்கள். கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. வள்ளுவரும் பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுவதே நல்ல வாணிகம் என்றார். கள்ளாமைக்கென்று தனியாக ஓர் அதிகாரமே எழுதினார்.

குழந்தைகள் பார்க்கிறார்கள்

இந்த விஷயத்தில் முக்கியமான சாட்சி போலீஸ்காரரும் அல்ல. கண்காணிப்புக் காமிராவும் அல்ல. பக்கத்தில் நிற்கும் குழந்தைதான்.

கடையிலிருந்து வெளியே வந்த பிறகு குழந்தையின் கையில் ஒரு மிட்டாய் இருக்கிறது. பில்லில் இல்லை. தாய் என்ன செய்யலாம்? "சரி, தின்னு. யாரும் பார்க்கவில்லை" என்று சொல்லலாம். அன்றைக்கு அந்தக் குழந்தை ஒரு பாடம் படித்துவிடும். யாரும் பார்க்காவிட்டால் எடுக்கலாம் என்பது அந்தப் பாடம். அதை அழிக்கப் பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனாலும் போதாது.

அடித்து இழுத்துக்கொண்டு போய், "திருட்டுப் பயலே, மன்னிப்புக் கேள்" என்று கடைவாசலில் நிறுத்துகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. மூன்று வயதுக் குழந்தைக்குக் கடைப் பொருள் எது, வீட்டுப் பொருள் எது என்று தெரியாது. தெரியாமல் எடுத்ததைத் திருட்டு என்று சொன்னால், குழந்தைக்கு நேர்மை வராது, பயம்தான் வரும். பயந்த குழந்தை அடுத்த முறை ஒளித்து வைக்கும்.

"கண்ணு, இதற்குப் பணம் கொடுக்கவில்லை. வா, கொடுத்துவிட்டு வரலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனால் போதும். காசைக் குழந்தையின் கையிலேயே கொடுத்து, கடைக்காரரிடம் நீட்டச் சொல்லலாம். கடைக்காரரும் சிரித்து வாங்கிக்கொண்டால், அந்தக் குழந்தை அதை மறக்கவே மறக்காது.

எப்படித் திருப்பிக் கொடுப்பது?

நினைவு வந்தவுடன் அலறி அடித்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை. கைக்குழந்தையைத் தனியே விட்டுவிட்டு ராத்திரியில் ஓடுவது புத்திசாலித்தனம் அல்ல. ஆனால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளவும் கூடாது. தள்ளத் தள்ள மனம் சமாதானம் தேட ஆரம்பித்துவிடும்.

பக்கத்துக் கடையானால் அன்றே, அல்லது மறுநாளே போய்க் கொடுக்கலாம். தூரத்துக் கடையானால் பில்லில் தொலைபேசி எண் இருக்கும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, செல்போனிலேயே பணம் அனுப்பலாம். வெளியூரில் சாப்பிட்ட ஓட்டலாக இருந்தால், அந்தப் பக்கம் போகும் உறவினரிடம் கொடுத்து அனுப்பலாம். பத்து ரூபாய்க் கடனைத் தீர்க்க நூறு ரூபாய் பஸ் செலவு செய்யவேண்டும் என்று எந்தக் கடைக்காரரும் எதிர்பார்க்கமாட்டார். கொடுக்கும் வழி மாறலாம். கொடுக்கும் எண்ணம் மாறக் கூடாது.

சாமானைத் திருப்பிக் கொடுத்தாலும் சரி. பணத்தைக் கொடுத்தாலும் சரி. கல்லாவில் நிற்பவரிடம் நேற்று எந்த நேரம், என்ன பொருள் என்று சொல்லி, பில் போட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கணக்கு நேராகும். அவர் பெயரும் கெடாது.

செல்போனில் பணம் கொடுப்பவர்கள் பெட்டியிலிருந்து குரல் வரும்வரை ஒரு நிமிடம் நிற்கலாம். நண்பர்களோடு சாப்பிடுகிறவர்கள் "யார் கொடுத்தது?" என்று வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். இந்தச் சின்னப் பழக்கங்கள் இருந்தால் பாதி மறதி வராமலே போகும்.

நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம்

வியாபாரம் பணத்தால் நடக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் அது நம்பிக்கையால் நடக்கிறது.

டீக்கடையைப் பாருங்கள். காலையில் கூட்டம் நெரிகிறது. தட்டில் இருக்கும் வடையை அவரவர் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். யார் எத்தனை எடுத்தார் என்று மாஸ்டர் எண்ணுவதில்லை. போகும்போது, "ஒரு டீ, இரண்டு வடை" என்று சாப்பிட்டவரே சொல்கிறார். கடைக்காரர் அதை நம்பிப் பணம் வாங்குகிறார். மூன்று தின்று இரண்டு என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாக, இந்தக் கடைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

வடகிழக்கே மிசோரம் மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். தலைநகர் ஐஸ்வாலுக்குச் சற்றுத் தொலைவில் செலிங் என்ற ஊரின் நெடுஞ்சாலை ஓரத்தில் மூங்கில் கடைகள் இருக்கின்றன. காய்கறியும் பழமும் அடுக்கியிருக்கும். விலை எழுதியிருக்கும். பணம் போட ஒரு டப்பா இருக்கும். கடைக்காரர் இருக்கமாட்டார்! அவர் மலைச்சரிவில் தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருப்பார். கடையில் ஓர் ஆளை உட்காரவைக்க அந்த ஏழை விவசாயிக்கு வசதி இல்லை. வழியே போகிறவர்களின் நேர்மைதான் அவருக்குச் சம்பளம் வாங்காத சிப்பந்தி.

அப்படிப்பட்ட கடையில் ஒருவர் பணம் போட மறந்துவிட்டால் கேட்பார் இல்லை. பத்துப் பேர் மறந்ததாகச் சொல்லிக்கொண்டு போனால், அந்த மூங்கில் கடை மூடப்படும். எடுத்தவர்களுக்கு இருபது ரூபாய் லாபம். அந்த விவசாயிக்குப் பிழைப்பே போய்விடும். எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். நம்பிக்கை குறையும்போது, கடை வாசலில் காவலாள் வருகிறார். பையைச் சோதிக்கிறார்கள். யோக்கியரும் கையைத் தூக்கி நிற்கவேண்டியிருக்கிறது. அந்தக் காவலாளின் சம்பளமும் சாமானின் விலையில்தான் ஏறுகிறது.

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். கடையில் காசைக் கொடுக்க மறப்பது மனித இயல்பு. நினைவு வந்த பிறகு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் இரண்டு நாணயத்தையும் காப்பாற்றிக்கொள்கிறார். இன்றைக்கு வீட்டில் பையைப் பிரிக்கும்போது, பில்லில் இல்லாத பொருள் ஒன்று தென்பட்டால் வெட்கப்படவேண்டாம். பயப்படவும் வேண்டாம். நாளைக் காலை அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிட்டு வாருங்கள்.